ஐஸ் பிரின்சஸ் பாத்துட்டு 15 வயசுல ஸ்கேட்டிங் ஆரம்பிக்கலாமா? கொஞ்சம் நீளமான பதில்

கேள்வியை ஒரு தடவை திருப்பி சொல்லிக்கறேன், சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. மிச்சிகன்ல இருக்கீங்க, பொண்ணுக்கு 15 வயசு, லீவுல 'ஐஸ் பிரின்சஸ்' படம் பாத்திருக்கா, அதுல வர்ற பொண்ணு மாதிரியே தனக்கும் பிசிக்ஸ் நல்லா வரும், அதனால நானும் ஃபிகர் ஸ்கேட்டிங் கத்துக்கிட்டு போட்டிக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. நீங்க கேட்டது படத்துல காட்டறது நடக்கற காரியமா, 15 வயசு லேட்டா, இந்த ரெண்டுதான். ஆனா கடைசி வரில போற போக்குல "படிப்பை விட்டுடுவாளோன்னு பயமா இருக்கு"ன்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, எனக்கென்னவோ மேல இருக்கற ரெண்டு கேள்வியும் இதுக்கு போட்ட முன்னுரைன்னு தோணுது. மூணுக்கும் சொல்றேன், ஆனா வரிசையா வராது, மன்னிக்கணும்.

நான் யாருன்னு முதல்ல சொல்லிடறேன். டொராண்டோ பக்கத்துல ஒரு ரிங்க்ல பிளேடு சாணை பிடிக்கறதும் பூட் ஃபிட் பண்றதும் 17 வருஷமா என் வேலை. பகல்ல வேற ஆபீஸ், சாயங்காலமும் சனி ஞாயிறும் இது. மதுரைல பி.எஸ்சி பிசிக்ஸ் படிச்சவன், அது இந்த மிஷின் முன்னாடி நிக்கும்போதுதான் உபயோகப்பட்டுச்சு. நான் கோச் கிடையாது, அதை மறந்துடாதீங்க. உங்க பொண்ணு எவ்வளவு தூரம் போவான்னு அவ ஐஸ்ல நிக்கறதை பாக்காம எந்தக் கோச்சாலயும் சொல்ல முடியாது, நான் எம்மாத்திரம். இந்த வேலைக்கு நான் வந்ததே ஒரு எரிச்சல்லதான். என் பொண்ணு 7 வயசுல ஸ்கேட்டிங் ஆரம்பிச்சப்ப ஒரு கடைல பிளேடைக் குடுத்தோம், அவங்க ஹாக்கி ஸ்கேட் மட்டுமே பாத்துப் பழகினவங்க, பிளேடு நுனில பல்லு பல்லா இருக்குமே, அதுல அடிப்பல்லை மிஷின்ல வச்சு சீவித் தள்ளிட்டாங்க. ஹாக்கி ஸ்கேட்ல அந்தப் பல்லே இருக்காது, அவங்களுக்கு அது ஏதோ பிசிறு மாதிரி தெரிஞ்சிருக்கு. இங்க ஜம்ப் எடுக்கறதும் இறங்கறதும் ஸ்பின்ல நிலைக்கறதும் அந்த நுனியை நம்பித்தான். புது பிளேடு, போச்சு. அன்னிக்கு நானே கத்துக்கறேன்னு ஆரம்பிச்சது இன்னும் விடல.

படம் பாக்காதவங்களுக்காக ரெண்டு வரி. டிஸ்னி படம், 2005 மார்ச்ல வந்துச்சு, டைரக்டர் டிம் ஃபைவெல். மிஷேல் டிராக்டன்பெர்க் நடிச்ச கேசிங்கற பொண்ணு ஸ்கூல்ல படிப்பாளி, ஹார்வர்டு ஸ்காலர்ஷிப்புக்கு பிசிக்ஸ் ப்ராஜெக்ட் ஒண்ணு வேணும், சின்ன வயசுல குளத்துல ஸ்கேட் பண்ணின ஆசைல ஃபிகர் ஸ்கேட்டிங்கையே எடுத்துக்கறா. கம்ப்யூட்டர்ல ஜம்பை அளக்கப் போனவ தானே இறங்கி கத்துக்கிட்டு லெவல் தாண்டி ஜூனியர் போட்டிக்குப் போயிடறா. அவ அம்மா (ஜோன் கியூசாக்) படிப்பு படிப்புன்னு இருக்கற ஆளு. இன்னொரு அம்மா (கிம் கேட்ரல்) முன்னாள் ஸ்கேட்டர், இப்ப கோச், தன் பொண்ணு ஜென்னை எப்படியாவது சாம்பியன் ஆக்கிடணும்னு இருக்கறவங்க. கதை கனெக்டிகட்ல நடக்குது, எடுத்தது எங்க டொராண்டோ பக்கம், அதனால எங்க ரிங்க் பசங்களுக்கு இந்தப் படம் மேல ஒரு சொந்தம். சும்மா சொல்லக்கூடாது, ஆளுங்களைத் தேடித்தான் போட்டிருக்காங்க: கூட போட்டி போடற பொண்ணுங்களா வர்ற கர்ஸ்டன் ஓல்சனும் ஜூலியானா கனரோசோவும் நிஜமாவே போட்டி ஸ்கேட்டர்கள், 5 தடவை உலக சாம்பியனான மிஷேல் குவானும் 1988 கால்கரி ஒலிம்பிக்ஸ் தங்கம் ஜெயிச்ச பிரையன் பொய்டானோவும் அவங்களாவே வந்து போவாங்க. டிராக்டன்பெர்க் பாவம், 2025 பிப்ரவரில 39 வயசுல போய்ச் சேர்ந்துட்டாங்க.

இப்ப பிசிக்ஸ். இதுல படம் பொய் சொல்லல. கையை உடம்போட ஒட்டினா வேகமா சுத்தும், விரிச்சா மெதுவாகும், இது பிளஸ் ஒன் புத்தகத்துல இருக்கற கோண உந்தம்தான் (சுத்தற உடம்புக்குள்ள இருக்கற சுழற்சியோட அளவு), பெரும்பாலும் ஸ்கேட்டர் படத்தையே போட்டு விளக்கியிருப்பாங்க. உங்க பொண்ணுக்கு இதைவிட சுவாரசியமான கணக்கு ஒண்ணு குடுக்கறேன், அவளையே போட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஒரு ட்ரிபிள் ஜம்ப்ல ஆள் காத்துல இருக்கறது சுமார் 0.6 செகண்ட். மேல போக 0.3, கீழ வர 0.3, அப்படின்னா உயரம் 44 செமீ தான். அதுக்குள்ள 3 சுத்து. நிமிஷத்துக்கு 300 சுத்துன்னு ஆகுது, நம்ம வீட்டு சீலிங் ஃபேன் ஃபுல் ஸ்பீடுல ஓடறதுக்கு கொஞ்சம் குறைவு. (நிஜத்துல சுத்துல ஒரு பகுதி ஐஸை விட்டு எழும்பறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும், அதனால கணக்கை கறாரா புடிக்காதீங்க.) காத்துல போனப்புறம் கோண உந்தத்தை கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது, ஐஸ்ல காலை அழுத்தற அந்த நொடில எவ்வளவு வாங்கினோமோ அவ்வளவுதான் கைல இருக்கற காசு. அதை எவ்வளவு சீக்கிரம் கையைக் காலைச் சுருட்டி செலவு பண்றோம்ங்கறதுலதான் டபுளா ட்ரிபிளாங்கறது இருக்கு. படத்துல கேசி கம்ப்யூட்டர்ல இதைப் பாத்து மத்த பொண்ணுங்களுக்கு கையை இன்னும் உள்ள இழுன்னு சொல்றது ஏதோ ரீல் மாதிரி தெரியும், ஆனா டெலவேர் யூனிவர்சிட்டியில இதே வேலையை நிஜமா செஞ்சிருக்காங்க, ஸ்கேட்டர் உடம்புல குறி ஒட்டி கேமராவுல பிடிச்சு, கம்ப்யூட்டர் பொம்மையோட கையைக் கொஞ்சம் நகர்த்தி, 'இப்படி வச்சிருந்தா சுத்து முடிஞ்சிருக்கும்'னு ஸ்கேட்டருக்கே காட்டறது.

ஆனா ஒண்ணு, அந்த ஆராய்ச்சில உக்காந்தவங்க ஏற்கனவே வருஷக்கணக்குல ஜம்ப் பண்ணிட்டு இருந்தவங்க. அவங்களுக்கு குறை ஒரு கை அளவு. ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு சமன்பாடு ஐஸ்ல நிக்கக் கத்துத் தராது. பிளேடுக்கு அடில ஒரு வாய்க்கால் மாதிரி குழி இருக்கும், அதைப் போடறதுதான் என் வேலை, அந்தக் குழிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு விளிம்பு. மொத்த பிளேடே 4 மிமீ கனம்தான். முன்னாடி பின்னாடி, உள் விளிம்பு வெளி விளிம்பு, வலது கால் இடது கால், எல்லாத்துலயும் சாஞ்சு போகத் தெரியணும், பாத்தா சும்மா சாயற மாதிரி இருக்கும், அதுக்கே மாசக்கணக்கு ஆகும். லட்ஸுன்னு ஒரு ஜம்ப், பின்னாடி போய்க்கிட்டே வெளி விளிம்புல இருந்து எழும்பணும், போற வளைவுக்கு எதிர்த் திசைல சுத்தணும், உடம்பு கடைசி நொடில தானாவே உள் விளிம்புக்கு வழுக்கிடும், சாம்பியன்களே அதுல மாட்டிக்கிட்டு மார்க்கை விடறாங்க. ஔவையார் சித்திரமும் கைப்பழக்கம்னு சொன்ன மாதிரி இது முழுக்க கால்பழக்கம். பிசிக்ஸ் தெரிஞ்ச பொண்ணுக்கு ஒரு நன்மை நிச்சயம் உண்டு, கோச் சொல்றதை சீக்கிரம் புரிஞ்சுக்குவா, விழுந்தா ஏன் விழுந்தோம்னு யோசிப்பா. அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

அப்ப படத்துல பொய் எங்க இருக்குன்னா, காலண்டர்ல. ஒரு வருஷத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுது. அமெரிக்க சிஸ்டத்துல ப்ரீ ப்ரிலிமினரின்னு அடில இருந்து ஆரம்பிச்சு ஜுவனைல், இன்டர்மீடியட், நாவிஸ், ஜூனியர், சீனியர்னு ஏணி, ஒவ்வொரு படிக்கும் டெஸ்ட், ஜட்ஜ் முன்னாடி ஸ்கேட் பண்ணி பாஸ் ஆகணும். படம் வந்த காலத்துல நாடு முழுக்க 9 ரீஜனல் போட்டி, ஒவ்வொண்ணுலயும் முதல் 4 பேர் செக்‌ஷனலுக்கு, செக்‌ஷனல் மொத்தமே 3, அதுலயும் முதல் 4 பேர் நேஷனல்ஸுக்கு. கேசி செக்‌ஷனல்ல வெள்ளி வாங்கறா, அதாவது நாட்டுல அவ லெவல்ல முதல் 12 பேருக்குள்ள வந்து நிக்கறா! அந்த இடத்துக்கு வர்ற பொண்ணுங்க பெரும்பாலும் 5, 6 வயசுல ஐஸ்ல கால் வச்சவங்க. என் கடைக்கு வர்ற பிள்ளைங்களை வச்சு சொல்றேன், இது அனுபவம், ஆராய்ச்சி இல்ல: டீன் ஏஜ்ல ஆரம்பிச்சு வாரத்துக்கு மூணு நாலு நாள் விடாம வர்ற பொண்ணு ஒண்ணு ஒண்ணரை வருஷத்துல ஒத்தைச் சுத்து ஜம்ப் எல்லாம் ஓரளவு பிடிச்சுடுவா. அடுத்து ஆக்சல் வரும். மத்த ஜம்ப் எல்லாம் பின்னாடி போய்க்கிட்டே எழும்பறது, ஆக்சல் ஒண்ணுதான் முன்னாடி பாத்து எழும்பறது, இறங்கறது மட்டும் எல்லாரையும் போல பின்னாடி, அதனால அரைச் சுத்து கூட. அந்த ஒரு ஜம்புக்கே தனியா ஒரு வருஷம் போனவங்களை நிறைய பாத்திருக்கேன், அது வராமலே நின்னுட்டவங்களையும் பாத்திருக்கேன். ஜூனியர்ல டபுள் ஆக்சலும் ட்ரிபிளும் போடறவங்க கூட நிக்கணும்.

லேட்டா ஆரம்பிச்சு பெரிய ஆளானவங்களே இல்லையான்னா, ஒருத்தர் இருக்கார், ஜானி வியர். 1994 ஒலிம்பிக்ஸ்ல ஒக்ஸானா பாயூல் தங்கம் ஜெயிச்சதை டிவில பாத்துட்டு ஆசை வந்து, 12 வயசு வாக்குல முறையா ஆரம்பிச்சு, 2001-ல ஜூனியர் உலக சாம்பியன், அப்புறம் 2004, 2005, 2006 மூணு வருஷமும் அமெரிக்க சாம்பியன். இந்தக் கதையை உங்க பொண்ணு கண்டுபிடிச்சு உங்ககிட்ட காட்டுவா, அதனால இப்பவே சொல்லி வைக்கறேன். அவர் ஏற்கனவே குதிரையேற்றத்துல போட்டி வரைக்கும் போன பையன், உடம்பு பழகின உடம்பு. அப்புறம் 12 வேற, 15 வேற, அதுலயும் பொண்ணுங்களுக்கு ரொம்பவே வேற. அந்த வயசுல உயரமும் இடுப்பும் மாறும்போது சுத்தறதுக்கு உடம்பு குடுக்கற எதிர்ப்பும் கூடும், நேத்து வரைக்கும் வந்த ஜம்ப் இன்னிக்கு வராது, சின்ன வயசுல கத்துக்கிட்டவங்களே அந்த ரெண்டு மூணு வருஷம் அழுதுக்கிட்டேதான் வருவாங்க. இதுல உங்க பொண்ணுக்கு ஒரு லாபம்கூட இருக்கலாம், பெரும்பாலும் வளந்து முடிச்ச உடம்போட ஆரம்பிக்கறதால கத்துக்கிட்டதை மறுபடி கத்துக்க வேண்டியதில்ல. இருக்கலாம்னுதான் சொல்றேன், நிச்சயம்னு சொல்லல.

சரி, என் ஏரியாவுக்கு வர்றேன். மொத்தப் படத்துலயும் எனக்கு வயித்தைக் கலக்கின சீன், ஜென்னோட அம்மா கேசிக்கு போட்டி சமயத்துல புத்தம் புது ஸ்கேட் வாங்கிக் குடுக்கறது. பாக்கறவங்களுக்கு அது பாசம் மாதிரி தெரியும், பொண்ணும் கண்ணுல தண்ணியோட வாங்கிக்குவா. எங்க கடைல வேலை பாக்கற யாரா இருந்தாலும் அந்த இடத்துலயே ஐயோன்னு கத்திடுவாங்க, நான் கத்தினேன், பக்கத்துல இருந்த என் பொண்டாட்டி கிள்ளினா. ஏன்னா ஜம்ப் பண்றவங்களுக்கான பூட் சாதாரண ஷூ இல்ல, அடுக்கடுக்கா தோல் வச்சு கட்டை மாதிரி இருக்கும், கணுக்காலை சிமெண்ட் போட்டு கட்டின மாதிரி பிடிக்கும். இறங்கும்போது ஒத்தைக் கால்ல உடம்பு எடையைப் போல பல மடங்கு விழுது, அதைத் தாங்கணும்னா அப்படித்தான் செஞ்சாகணும். அந்தக் கட்டை காலோட அச்சுக்கு இளகறதுக்கு ரெண்டு மூணு வாரமாவது ஆகும். அதுக்குள்ள குதிகால், கணுக்கால் எலும்பு, பின்னங்கால் நரம்பு எல்லாம் தேஞ்சு கொப்புளம் வரும், கொப்புளம் உடைஞ்சா ரத்தம். கேசிக்கு நடக்கறது அச்சு அசலா அதுதான். இப்ப அடுப்பு மாதிரி ஒரு பெட்டில பூட்டை கொஞ்ச நிமிஷம் சூடு பண்ணி கால்ல மாட்டி வடிவம் பிடிக்க வைக்கறோம், 2005-ஐ விட நிலைமை பரவாயில்ல, ஆனா மறுநாள் போட்டின்னா இன்னிக்கும் அது கொலைதான்.

இதுல படம் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு, சொன்னா பயம் இன்னும் கூடும். கொப்புளம்கூட பரவாயில்ல, கட்டு போட்டுக்கிட்டு பல்லைக் கடிச்சுக்கலாம். பெரிய ஆபத்து பிளேடு மாறறதுதான். உயர்ந்த ரக பூட்டும் பிளேடும் தனித்தனியா வரும், பூட் ஒரு கம்பெனி, பிளேடு ஒரு கம்பெனி, நல்ல பிளேடு பல காலமா இங்கிலாந்து ஷெஃபீல்டுல இருந்து வருது. நாங்க முதல்ல ரெண்டு மூணு ஸ்க்ரூ மட்டும் போட்டு தற்காலிகமா மாட்டிக் குடுப்போம், ஸ்கேட் பண்ணிப் பாத்துட்டு வந்து 'வலது கால் உள்ள இழுக்குது'ம்பாங்க, ஒரு மில்லிமீட்டர் நகர்த்துவோம், மறுபடி போய்ட்டு வருவாங்க. எல்லாம் சரியானப்புறம்தான் மிச்ச ஸ்க்ரூ. அந்த ஒரு மில்லிமீட்டர் தப்புல பொண்ணு நேரா போகணும்னு நினைச்சாலும் வளைஞ்சுதான் போவா. எனக்கே ஒரு கறுப்புப் புள்ளி உண்டு இதுல: என் பொண்ணோட டெஸ்டுக்கு பத்து நாள் முன்னாடி, பழைய பூட் கணுக்கால்ல மடிஞ்சு தொய்ஞ்சு போச்சுன்னு பதறி புதுசு வாங்கி மாட்டினேன், நானே, இந்தக் கையாலதான். டெஸ்டுல ஸ்பின்னே நிக்கல. வெளிய வந்து என்கிட்ட ஒண்ணும் சொல்லல, கார்ல ஏறினதும் பூட்டைக் கழட்டினா, வெள்ளை சாக்ஸ் குதிகால்ல காபி கலர்ல இருந்துச்சு. ஜென்னோட அம்மா வேணும்னே பண்ணினாங்க, நான் பாசத்துல பண்ணினேன், காலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

படிப்பு விஷயத்துக்கு வர்றேன். ஹார்வர்டா ஐஸா, ஒண்ணை விட்டாத்தான் இன்னொண்ணுன்னு படம் ஒரு முடிச்சு போடுது, கேசி ஹார்வர்டை விட்டுடறா. சினிமாவுக்கு முடிச்சு வேணும், தப்பில்ல, ஆனா இந்த விளையாட்டோட சரித்திரம் நேர் எதிரா இருக்கு. 1956-ல அமெரிக்காவுக்காக ஒலிம்பிக்ஸ் தங்கம் ஜெயிச்ச டென்லி ஆல்பிரைட் ஹார்வர்டு மெடிக்கல் ஸ்கூல்ல படிச்சு சர்ஜன் ஆனவங்க. டெபி தாமஸ் ஸ்டான்ஃபோர்டுல படிச்சுக்கிட்டே 1986-ல உலக சாம்பியன், பின்னாடி டாக்டர். பால் வைலி ஹார்வர்டு, 1992 ஒலிம்பிக்ஸ்ல வெள்ளி. நேதன் சென் யேல்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் படிச்சுக்கிட்டே உலகப் போட்டி போட்டு 2022 ஒலிம்பிக்ஸ்ல தங்கம். இதுல எனக்கு பிடிச்சது எமிலி ஹியூஸ் கதை. படம் வந்த மறு வருஷம், 2006 டூரின் ஒலிம்பிக்ஸ், நம்ம படத்துல வர்ற அதே மிஷேல் குவான் காயத்தால விலக வேண்டியதாயிடுச்சு, அந்த இடத்துக்கு கடைசி நிமிஷத்துல ஏறிப் போன பொண்ணு எமிலி, 7-வது இடம், அடுத்த வருஷம் சேந்தது எங்கன்னு நினைக்கறீங்க, ஹார்வர்டு! உங்க ஊர்லயே பாருங்க, ஐஸ் டான்ஸ்ல 2014 ஒலிம்பிக்ஸ் தங்கம் ஜெயிச்ச மெரில் டேவிஸும் சார்லி வைட்டும் மிச்சிகன் யூனிவர்சிட்டி மாணவர்களா இருந்தவங்க, பக்கத்துல கேன்டன்லதான் ப்ராக்டிஸ் பண்ணினாங்க. அதுக்காக ஸ்கேட்டிங் பண்ணினா படிப்பு தானா வரும்னு அர்த்தம் இல்ல, இவங்க விதிவிலக்கு. காலைல அஞ்சரைக்கு ஐஸ், ஏழரைக்கு ஸ்கூல், சாயங்காலம் மறுபடி ஐஸ்னு வாழற பிள்ளைங்களுக்கு நேரத்தை எண்ணிச் செலவு பண்ணத் தெரியும்ங்கறது மட்டும் நான் கண்ணால பாத்தது. கடை வாசல்ல பிளேடுக்காக காத்திருக்கற இருபது நிமிஷத்துல ஹோம்வொர்க் முடிக்கற கூட்டம் அது.

படிப்பை விடறது ஒரு பயம்னா, இன்னொரு பக்கமும் பயப்படணும், அதை நீங்க கேக்கல, நானே சொல்றேன். படத்துல எனக்கு நிஜமா தோணினவ கேசி இல்ல, ஜென். சாப்பாட்டுல கட்டுப்பாடு, ஃப்ரெண்ட்ஸோட வெளிய போக முடியாது, கணக்குப் பாடம் புரியல, எல்லாத்துக்கும் மேல அம்மாவோட ஆசையைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஸ்பின் பண்ணணும், கடைசில போதும்னு விட்டுடறா. அப்ப இதை பாத்தவங்க துணைக்கதைன்னு நினைச்சிருப்பாங்க. அப்புறம் அலிசா லியூ வந்தாங்க. 13 வயசுல 2019-ல அமெரிக்க சாம்பியன், அவ்வளவு சின்ன வயசுல யாரும் ஆனதில்ல, 2022 ஒலிம்பிக்ஸ் போய்ட்டு வந்து 16 வயசுல போதும்னு ரிட்டயர்மெண்ட். சாதாரணப் பொண்ணா இருந்து பாத்தாங்க, யூசிஎல்ஏ யூனிவர்சிட்டில சேந்தாங்க, 2024-ல 'எனக்காக பண்றேன்'ங்கற மாதிரி திரும்பி வந்து 2025 மார்ச்ல பாஸ்டன்ல உலக சாம்பியன். ஜென்னுக்கு ரெண்டாம் பாகம் எழுதினா இப்படித்தான் எழுதணும். இதோட இருட்டுப் பக்கமும் இருக்கு, கிரேசி கோல்டு மாதிரி பெரிய ஸ்கேட்டர் சாப்பாட்டுக் கோளாறுக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சைக்காக 2017-ல போட்டியை விட்டு விலகினது ஊரறிஞ்சது. உங்க பொண்ணு கண்ணாடி முன்னாடி நின்னு இடுப்பைப் பாத்து முகம் சுளிக்க ஆரம்பிச்சான்னா, தட்டுல சோறு குறைய ஆரம்பிச்சுதுன்னா, அது கோச்சோ நானோ சொல்ற விஷயம் இல்ல, நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க.

இனிமே என்ன பண்ணலாம். முதல்ல அகலக்கால் வைக்காதீங்க. லேர்ன் டு ஸ்கேட் யூஎஸ்ஏ-ன்னு க்ரூப் கிளாஸ் கிட்டத்தட்ட எல்லா ரிங்க்லயும் இருக்கும், பேசிக் 1-ல இருந்து, அதுல ஒரு செஷன் வாடகை ஸ்கேட்லயே போகட்டும். ஆனா வாடகை ஸ்கேட் கணுக்கால்ல ஈரத்துணி மாதிரி இருக்கும், ரெண்டு மாசத்துக்கு மேல அதுல விடாதீங்க, பொண்ணு தனக்கு வரலேன்னு நினைச்சுக்குவா, தப்பு பூட்டோடது. ஆரம்பகால பூட் பிளேடோட சேந்தே வரும், அது போதும். ஆயிரம் டாலரைத் தாண்டற பூட் ட்ரிபிள் போடறவங்களுக்கு, அதை ஆரம்பத்துலயே மாட்டினா வளையவே வளையாது, முட்டிதான் போகும். 'வளர்ற பொண்ணு, ஒரு சைஸ் பெருசா வாங்கலாம்'ங்கற நம்ம ஊர் புத்தி இங்க வேண்டவே வேண்டாம், பூட்டுக்குள்ள குதிகால் தூக்கினா விளிம்பு நிக்காது. ஆனை வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கற மாதிரி சாணைக்கும் கஞ்சத்தனம் பாக்காதீங்க, 20, 30 மணி நேரம் ஸ்கேட் பண்ணினா ஒரு தடவை, அதுவும் ஃபிகர் பிளேடு தெரிஞ்ச ஆள்கிட்ட. குடுக்கறதுக்கு முன்னாடி 'அடிப்பல்லைத் தொட மாட்டீங்களே'ன்னு கேளுங்க, அவர் சிரிச்சா நல்ல ஆள், முழிச்சா வேற கடை பாருங்க.

போட்டி வேணும்னு அவ கேட்டா இல்லைன்னு சொல்லாதீங்க, போட்டிக்குப் பல வாசல் இருக்கு. தனியாளா ஒலிம்பிக்ஸ் பாதை 15-ல ஆரம்பிச்சவளுக்கு கிட்டத்தட்ட இல்ல, அதை மட்டும் மழுப்பாம சொல்லிடுங்க, 15 வயசுப் பொண்ணு நாம மழுப்பறதைக் கண்டுபிடிச்சுடுவா. ஆனா சிங்க்ரோன்னு ஒண்ணு இருக்கு, ஒரு அணியா கோத்துக்கிட்டு ஸ்கேட் பண்றது, சீனியர் அணில 16 பேர், அதுல பெரிய ஜம்புக்கு வேலை இல்ல, விளிம்பும் வேகமும் கூட வர்றவங்களோட ஒத்துப்போறதும்தான் முக்கியம், லேட்டா வந்தவங்களுக்குன்னே ஓபன் பிரிவுகள் உண்டு, காலேஜ் அணிகளும் உண்டு. ஒஹையோல மயாமி யூனிவர்சிட்டி சிங்க்ரோவுக்கு ரொம்பப் பேர் போனது, உங்களுக்கு பக்கம்தான். இன்னும் கொஞ்ச வருஷம் கழிச்சுப் பாத்தா, 1995-ல இருந்து அமெரிக்கால அடல்ட் நேஷனல்ஸ் நடக்குது, அதுக்கு 21 வயசாகணும். எங்க ரிங்க்ல ஐம்பது தாண்டின ஒரு அம்மா வர்றாங்க, நாப்பதுல ஆரம்பிச்சவங்க, போன குளிர்காலத்துல அவங்க முதல் ஆக்சல் இறங்கினப்ப ஐஸ் சமன் பண்ற சம்போனி ஓட்டறவர் வண்டியை நிறுத்திட்டு ஹாரன் அடிச்சார்.

உடனே பூட் வாங்கிடாதீங்க, முதல்ல அவ ரெண்டு பாதத்தையும் பேப்பர்ல வச்சு பென்சிலை நட்டமா பிடிச்சு கோடு போடுங்க. நின்னுக்கிட்டு இருக்கும்போது, எடை முழுக்க கால்ல இருக்கற மாதிரி. சாயங்காலம் போடுங்க, காலைல பாதம் கொஞ்சம் சின்னதா இருக்கும். நீளம், முன்பாதத்தோட அகலமான இடம், குதிகால் அகலம், மூணையும் மில்லிமீட்டர்ல இங்கயே கீழ போடுங்க, எந்த மாதிரி பூட் பொருந்தும்னு சொல்றேன்.